249ஆவது சொல்: மல்லாட்டைப் பூசணம் மரபணுவில் செய்யும் எழுத்துப்பிழை

கடலூர் மாவட்டத்தில் யாராவது வேர்க்கடலை என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். இங்கே அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பெயர் வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. வயலில் நிற்கும்வரை அதே பயிர் ‘மணிலா’. தென்னார்க்காட்டில் விளைந்த மணிலாவை 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் அறுவடைக் காலத்தில் போனால் தெருவெல்லாம் மல்லாட்டை காய்வதைப் பார்க்கலாம்.

எங்கள் ஆயா உரித்த பருப்பை முறத்தில் பரப்பி வைத்துக்கொண்டு வெயிலில் உட்காருவார். சுருங்கியது, கருத்தது, மேலே பச்சை படர்ந்தது எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளி ஒதுக்குவார். நல்ல பருப்பு வீட்டுக்கு. ஒதுக்கிய சொத்தை தனிப் பையில் சேரும். அது வீணாகக் கூடாது, செக்குக்குப் போகிற மூட்டையில் கலந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. முதல் பாதியில் ஆயா செய்தது மிகச் சரி. இரண்டாம் பாதி தவறு. ஏன் என்று விளங்க, மனித உடலின் ஒரு குறிப்பிட்ட மரபணுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பச்சைப் பூசணம் விடும் நஞ்சு கல்லீரலுக்குள் போய் அந்த மரபணுவில், அதுவும் அதன் ஒரே ஒரு எழுத்தில், அடிக்கடி கைவைக்கிறது.

மரபணுவின் பெயர் டிபி53. நம் 23 ஜோடிக் குரோமோசோம்களில் 17ஆவது குரோமோசோமின் குட்டைக் கையில் அது உட்கார்ந்திருக்கிறது. மரபணு என்பது டிஎன்ஏவில் நான்கே எழுத்துகளால் எழுதிய குறிப்பு: ஏ, ஜி, சி, டி. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அமினோ அமிலம். செல் அந்தச் சொற்களை வரிசையாகப் படித்து, அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்துப் புரதம் செய்கிறது. டிபி53 மரபணுவைப் படித்துச் செய்யும் புரதத்துக்குப் பி53 என்று பெயர். அதில் மொத்தம் 393 அமினோ அமிலங்கள், அதாவது 393 சொற்கள். அந்த வரிசையில் 249ஆவது சொல்லைத் தலைப்பில் குறிப்பிட்டிருக்கிறேன்.

பி53 என்ன வேலை செய்கிறது? ஒரு செல்லின் டிஎன்ஏவில் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் சின்னச் சின்னச் சேதங்கள் உண்டாகின்றன. வெளியிலிருந்து எந்த நஞ்சும் வராவிட்டாலும், மூச்சுவிடுவதாலும் உணவை எரிப்பதாலுமே இது நடக்கும். பெரும்பாலானவற்றைச் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் உடனுக்குடன் சரிசெய்துவிடும். சேதம் பெரிதாக இருந்தால், உதாரணமாக டிஎன்ஏ இழை இரண்டாக அறுந்துபோனால், அந்தச் செல் இரண்டாகப் பிரியக் கூடாது. பிரிந்தால் பிழையோடு இரண்டு செல், அப்புறம் நான்கு, எட்டு. அந்த நேரத்தில் ‘நில்’ என்று சொல்வதுதான் பி53இன் வேலை. அது டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களைப் பிடித்துக்கொண்டு வேறு பல மரபணுக்களை எழுப்பிவிடும். அவற்றில் ஒன்றிலிருந்து வரும் பி21 என்ற புரதம் செல் பிரிவதை நிறுத்தும். இந்த இடைவெளியில் பழுது பார்த்துவிட்டால் செல் பழையபடி வேலைக்குப் போகும். பழுது பார்க்கவே முடியாது என்றால் பி53 பூமா, பேக்ஸ் போன்ற வேறு மரபணுக்களை எழுப்பும். செல் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு இறந்துபோகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, செல் பி53ஐக் கையாளும் விதம். ஆரோக்கியமான செல் பி53ஐச் செய்துகொண்டே இருக்கும், அழித்துக்கொண்டும் இருக்கும். எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் பி53ஐப் பிடித்துக் குப்பைக்கு அனுப்பும். ஏறக்குறைய 20 நிமிடத்தில் பாதி காலியாகிவிடும். செய்ததை உடனே அழிப்பானேன், இவ்வளவு வீண் செலவு எதற்கு என்று தோன்றும். ஆபத்து வந்த பிறகு மரபணுவைத் திறந்து, படித்து, புரதம் செய்து முடிக்க நேரம் ஆகும். அழிப்பதை மட்டும் நிறுத்தினால் போதும் என்றால் சில நிமிடங்களில் பி53 குவிந்துவிடும். டிஎன்ஏ அறுந்ததும் ஏடிஎம் என்ற நொதி ஓடிவந்து பி53 மேல் ஒரு பாஸ்பேட் முத்திரை குத்துகிறது, எம்டிஎம்2இன் பிடி தளர்கிறது, பி53 தங்கிவிடுகிறது. வாசலில் எப்போதும் ஆள் தயாராக இருக்க வேண்டும், ஆனால் காரணமில்லாமல் உள்ளே வந்து வேலையை நிறுத்தக் கூடாது என்கிற இரண்டு தேவைக்கும் செல் கண்டுபிடித்த வழி இது.

பி53 தனியாக வேலை செய்வதில்லை. நான்கு பி53 சேர்ந்து ஒரு கூட்டாகத்தான் டிஎன்ஏவைப் பிடிக்கும். மாசிமகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சாமி தூக்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாலு பேர் தூக்குகிற இடத்தில் ஒருவர் கால் தடுமாறினால் மற்ற மூவரும் நன்றாக நடந்து பயனில்லை. நமக்கு டிபி53 இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டு, அதிலிருந்து கெட்ட புரதமும் மற்றதிலிருந்து நல்ல புரதமும் சம அளவில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்குமே நல்லதாக அமைகிற கூட்டு 16இல் ஒன்றுதான். ஒரு பிரதி கெட்டதுமே பாதி பலம் போகும் என்று நாம் நினைப்போம், உண்மையில் அதைவிட மிக அதிகமாகப் போகிறது. மீதியிருக்கும் நல்ல பிரதியும் பிறகு தொலைந்துபோனால் காவல் முழுதாகப் போய்விடும். மனிதருக்கு வரும் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் டிபி53 மரபணு கெட்டிருக்கிறது. வேறெந்த மரபணுவும் புற்றுநோயில் இவ்வளவு அதிகமாகக் கெடுவதில்லை.

இது தெரிய வருவதற்கு முன் விஞ்ஞானிகள் பத்து வருடம் தவறான பாதையில் போனார்கள். 1979இல் இங்கிலாந்தில் டேவிட் லேன், அமெரிக்காவில் ஆர்னால்ட் லெவின், லாய்டு ஓல்டு ஆகியோரின் குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் இந்தப் புரதத்தைக் கண்டார்கள். லேன், லெவின் இருவரும் குரங்கிலிருந்து கிடைத்த எஸ்வி40 என்ற வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். அந்த வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு புரதம் வந்தது. ஜெல்லில் ஓடவிட்டு எடை பார்த்தபோது 53 ஆயிரம் டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) என்று காட்டியதால் பி53 என்று பெயர் வைத்தார்கள். அதன் உண்மை எடை சுமார் 44 ஆயிரம்தான். புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய இருப்பதால் ஜெல்லில் மெதுவாக நகர்ந்து கூடுதல் எடை காட்டிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எடையில் வந்த பிழையால் கேடு ஒன்றுமில்லை. அடுத்த பிழை பெரியது. புற்றுச்செல்களில் பி53 ஏராளமாக இருந்ததால் இதுதான் புற்றை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டினார்கள். சோதனைச்சாலையில் அந்த மரபணுவைச் செல்லுக்குள் போட்டுப் பார்த்தபோதும் புற்று வந்தது. 1989இல்தான் உண்மை வெளிப்பட்டது. அதுவரை சோதனைக்கு எடுத்த மரபணுப் பிரதிகள் பல ஏற்கெனவே கெட்டுப்போனவை. நல்ல பிரதியைப் போட்டபோது புற்று அடங்கியது. அதே ஆண்டில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பெருங்குடல் புற்றில் இந்த மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாவதைக் காட்டியது. 1992இல் டேவிட் லேன் இதை ‘மரபுத்தொகுதியின் காவலர்’ என்று அழைத்தார். மரபுத்தொகுதி என்பது செல்லில் உள்ள மொத்த டிஎன்ஏ. கெட்ட பிரதியை நல்லதென்று நம்பியதால் பத்து ஆண்டு இந்தக் காவலரைக் குற்றவாளியாக நடத்தியிருக்கிறார்கள். அறிவியல் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய கதைகளில் இது முக்கியமானது, பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, மல்லாட்டைக்கு வருவோம்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் வளர்ந்து நஞ்சு விட்டிருந்தது. பூசணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் படரும் இந்தப் பூசணம் நம் மண்ணிலும் இருக்கிறது. மல்லாட்டை மண்ணுக்குள் காய்ப்பது, ஆகவே மற்ற பயிரைவிட இதற்கு எளிதாக மாட்டிக்கொள்ளும். மக்காச்சோளம், மிளகாய், பருத்திக்கொட்டை, கொப்பரை ஆகியவற்றிலும் வரும். நம் நாட்டில் 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். அது ஒரேயடியாக நிறைய உள்ளே போனதன் விளைவு. நான் பேசுவது கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் உள்ளே போவதைப் பற்றி.

அஃப்ளாடாக்சின் வகைகளில் கொடியது பி1. வயிற்றுக்குள் போகும்போது அது டிஎன்ஏவைத் தொடுவதில்லை. கல்லீரல்தான் அதை ஆயுதமாக்குகிறது. உடலுக்குள் வரும் வேண்டாத பொருளை மாற்றி வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் வைத்திருக்கும் நொதிகளே இதை எபாக்சைடு என்ற துடிப்பான வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. அதன் பெரும்பகுதியை குளூட்டாதயோன் என்ற பொருளோடு கட்டிக் கல்லீரல் வெளியேற்றிவிடும். தப்பியது டிஎன்ஏவில் ஜி என்ற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை எடுப்பதற்குள் செல் பிரிந்தால், படியெடுக்கும் நொதி அந்த ஜி எழுத்தைச் சரியாகப் படிக்க முடியாமல் அந்த இடத்தில் டி என்று எழுதிவிடும்.

1991இல் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று சீனாவின் சீதோங் பகுதியில், மற்றது ஆப்பிரிக்காவின் தென்பகுதியில். இரண்டுமே உணவில் அஃப்ளாடாக்சின் அதிகம் உள்ள இடங்கள். கல்லீரல் புற்றுக்கட்டிகளை எடுத்து டிபி53 மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். சீதோங்கில் 16 கட்டிகளில் 8இல் பிழை ஒரே இடத்தில் இருந்தது: 249ஆவது சொல்லின் மூன்றாவது எழுத்து. ஏஜிஜி என்று இருக்க வேண்டியது பெரும்பாலும் ஏஜிடி என்று மாறியிருந்தது. அர்ஜினின் வர வேண்டிய இடத்தில் செரின் வந்தது. அந்த ஒரு மணி மாறினால் டிஎன்ஏவைப் பிடிக்கும் பி53இன் கை கோணிப்போகும். அஃப்ளாடாக்சின் குறைவாக உள்ள நாடுகளில் இதே கல்லீரல் புற்று வந்தவர்களிடம் இந்தப் பிழை அரிதாகவே தென்படுகிறது.

எனக்கு இதை முதன்முதலில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. புற்றுநோய் வந்தால் நம் ஊரில் ‘தலையெழுத்து’ என்பார்கள். இங்கே உண்மையாகவே ஓர் எழுத்து, எழுதியது யார் என்று கையெழுத்தை வைத்துச் சொல்ல முடிகிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அஃப்ளாடாக்சின் அந்த ஒரு ஜி எழுத்தின் மேல் மட்டும் ஒட்டுவதில்லை, வேறு பல இடங்களிலும் ஒட்டும். 249இல் பிழை விழுந்த கல்லீரல் செல்லுக்கு மற்ற செல்களைவிடப் பெருகும் வாய்ப்பு கூடிப்போவதால், கட்டியாக வளர்ந்து நம் கண்ணுக்குத் தெரிவது அதுவாக இருக்கிறது என்பதும் காரணத்தின் ஒரு பகுதி.

கடலூரில் கல்லீரல் புற்று பரவிக் கிடக்கிறது என்று யாரும் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும். ஆண்களுக்கு வாய், நுரையீரல் என்று பட்டியல் வேறு. நல்ல மல்லாட்டை அருமையான உணவு, அதைச் சாப்பிடாமல் விடச் சொல்லவில்லை. அஃப்ளாடாக்சின் தனியாக வந்தால் செய்யும் கேடு ஒரு அளவு, ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள்காமாலை வைரஸோடு கூட்டுச் சேர்ந்தால் செய்வது வேறு அளவு. ஷாங்காயில் ஆண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வில், அஃப்ளாடாக்சின் மட்டும் உடலில் தெரிந்தவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்குச் சுமார் 7 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு. கூட்டினால் 10, பெருக்கினால் 21. இது இரண்டையும் தாண்டிய கணக்கு. வைரஸ் கல்லீரலை ஓயாமல் புண்ணாக்கி, செல்களை அடிக்கடி பிரிய வைக்கிறது. எழுத்தின் மேல் நஞ்சு ஒட்டியிருக்கும் வேளையில் செல் பிரிவதுதான் பிழையை நிலைநிறுத்துகிறது என்று மேலே பார்த்தோம். இரண்டும் ஒன்றுக்கொன்று கதவு திறந்துவிடுகின்றன.

இதனால்தான் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நான் புற்றுநோய்த் தடுப்பூசி என்றே சொல்லுவேன். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இது சேர்ந்தே வருகிறது. ஊசி போட்ட இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது என்று அடுத்த தவணைக்குக் கூட்டிப்போகாமல் விட்டுவிடுகிற அம்மாக்களிடம் இந்த 60 மடங்குக் கணக்கைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்கிறார்கள்.

249 ஒரு உதாரணம். டிபி53இல் கைவைக்கும் ஒவ்வொரு நஞ்சுக்கும் ஏறக்குறைய ஒரு கையெழுத்து இருக்கிறது. பீடி, சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன் 157, 248, 273ஆவது சொற்களில் உள்ள ஜி எழுத்துகளில் விரும்பி ஒட்டுகிறது என்று 1996இல் காட்டினார்கள். நுரையீரல் புற்றில் பிழை விழுந்திருக்கும் முக்கிய இடங்களும் அவைதான். வெயிலின் புற ஊதாக் கதிர் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சி எழுத்துகளை இரண்டு டி எழுத்துகளாக்கும்.

நம் ஊருக்கு நெருக்கமான இன்னொன்று உண்டு. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்று வேலியோரம் படரும் கொடிகளை வயிற்றுப்பூச்சிக்கும் விஷக்கடிக்கும் கொடுக்கும் வழக்கம் பழையது. இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். இந்த இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றை உண்டாக்கும். அது ஏ எழுத்தின் மேல் ஒட்டி அதை டி ஆக்கும். பால்கன் நாடுகளிலும் தைவானிலும் சிறுநீர்ப் பாதைப் புற்று வந்தவர்களின் டிபி53ஐப் படித்தபோது இந்த மாற்றம்தான் வரிசையாக வந்தது. பால்கனில் கோதுமை வயலின் களையாக வளர்ந்த இதே இனத்துச் செடியின் விதை மாவில் கலந்திருந்தது. தைவானில் மூலிகை மருந்தாகக் குடித்திருந்தார்கள். நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்தக் கொடியை மட்டும் வாய்வழியாக யாரும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருப்பைவாய்ப் புற்றில் கதையே வேறு. அங்கே டிபி53 மரபணு பெரும்பாலும் எழுத்துப்பிழை இல்லாமல் சுத்தமாக இருக்கும். எச்பிவி வைரஸின் 16, 18 வகைகள் ஈ6 என்ற புரதத்தைச் செய்து, பி53ஐப் பிடித்து உடனுக்குடன் அழித்துவிடும். குறிப்பு சரியாக இருக்கிறது, செய்த புரதம் நிற்பதில்லை. முடிவு ஒன்றுதான், செல்லை நிறுத்த ஆளில்லை. இந்த வைரஸுக்கும் தடுப்பூசி இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டபின் கடலூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். சிப்காட் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால், மரபணுவைப் படித்து ‘இந்த ஆலைக் காற்றுதான்’ என்று சொல்ல முடியுமா? நூறு, ஆயிரம் நோயாளிகளின் மரபணுவைச் சேர்த்துப் படித்தால், குறிப்பிட்ட கையெழுத்து வழக்கத்துக்கு மேல் வருகிறதா என்று சொல்ல முடியும். ஒரே ஒருவரின் கட்டியை வைத்து நிச்சயமாகச் சொல்வது கடினம். ஒரே பிழை பல வழியிலும் விழலாம், தற்செயலாகவும் விழலாம். மரபணுவை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. காற்றையும் நிலத்தடி நீரையும் தொடர்ந்து அளக்க வேண்டும், நோய்க் கணக்கை ஊர்வாரியாக எடுத்து மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் இதைக் கேட்பது நியாயம். அவர்களிடம் ‘நிரூபித்துக் காட்டு’ என்று சொல்வது நியாயமில்லை, அளக்கும் கருவி அவர்கள் கையில் இல்லை.

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து புற்றுநோய்க்காகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறவர்கள் அதிகம். பயாப்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதில் ‘பி53’ என்று எழுதியிருப்பது நல்லதா கெட்டதா என்று கேட்ட உறவினர்கள் எனக்கு உண்டு. அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கட்டியிலிருந்து எடுத்த மெல்லிய துண்டில் பி53 இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவார்கள். நல்ல பி53 செய்ததும் அழிந்துவிடும் என்பதால் சில செல்களில் லேசாக, சிலவற்றில் கொஞ்சம் அழுத்தமாக, திட்டுத்திட்டாகத்தான் தெரியும். கெட்ட பி53 அழியாமல் தேங்கிக்கொள்ளும், ஆகவே செல்லெல்லாம் அடர் பழுப்பு. மரபணு அடியோடு உடைந்து புரதமே வராவிட்டால் எதிலும் சாயம் ஏறாது. ஆக, மிக அதிகம், துளிகூட இல்லை இரண்டுமே மரபணு கெட்டிருப்பதன் அடையாளம். ‘பி53 இல்லை’ என்றதும் நிம்மதி அடைவதும், ‘இருக்கிறது’ என்றதும் உடைந்துபோவதும் தேவையில்லை. எந்த உறுப்பு, எந்த வகைக் கட்டி என்பதைப் பொறுத்து இதன் பொருள் மாறும். சில இரத்தப் புற்றுகளில் 17ஆவது குரோமோசோமின் அந்தத் துண்டு தொலைந்திருந்தால் பழைய கீமோ மருந்து சரியாக வேலை செய்யாது, வேறு மருந்துக்குப் போவார்கள். மருத்துவரிடம் ‘இதனால் சிகிச்சை மாறுமா?’ என்று கேளுங்கள். பயனுள்ள கேள்வி அதுதான்.

இதைச் சொன்னதும் அடுத்து வரும் பயம், இது பிள்ளைகளுக்கும் வருமா என்பது. பெரும்பாலும் இல்லை. டிபி53இல் விழும் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாளில் ஏதோ ஒரு உறுப்பின் ஒரு செல்லில் விழுந்தவை. கருமுட்டையிலோ விந்தணுவிலோ இல்லாததால் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. பிறவியிலேயே ஒரு கெட்ட பிரதியோடு பிறக்கும் குடும்பங்கள் அரிதாக உண்டு. 1969இல் பிரெடரிக் லீ, ஜோசப் பிரௌமெனி என்ற இருவர் அப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். காரணம் டிபி53 என்று 1990இல் தெரிந்தது. சின்ன வயதில் எலும்பிலோ தசையிலோ மூளையிலோ கட்டி, முப்பது வயதுக்குள் மார்பகப் புற்று என்று ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் மட்டும் மரபணுப் பரிசோதனை பற்றி விசாரிப்பது நல்லது.

கெட்ட பி53ஐ மருந்து கொடுத்துத் திருத்த முடியாதா? முப்பது வருடத்துக்கும் மேலாக முயல்கிறார்கள். சீனா 2003இலேயே நல்ல மரபணுவை வைரஸ் வழியாகக் கட்டிக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது, மற்ற நாடுகளில் அது ஊன்றவில்லை. எம்டிஎம்2ஐத் தடுத்து, இருக்கும் நல்ல பி53ஐத் தேங்கவைக்கும் மருந்துகளைச் சோதிக்கிறார்கள். மிகையாக ஆடும் புரதத்தை அடக்க மருந்து செய்வது ஓரளவு கைவந்த கலை. கோணிப்போன புரதத்தை நிமிர்த்தி மறுபடி வேலை செய்ய வைப்பது அதைவிட எவ்வளவோ கடினம். இயற்கை இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டிருக்கிறது. யானைக்கு நம்மைவிடப் பல மடங்கு செல்கள், நீண்ட ஆயுள், ஆனாலும் புற்றுநோய் குறைவு. 2015இல் பார்த்தபோது, அப்பா, அம்மா ஒவ்வொருவரிடமிருந்தும் நமக்கு ஒன்று வரும் இடத்தில், யானைக்கு டிபி53 ஏறக்குறைய இருபது பிரதிகள் வருவது தெரிந்தது. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் லட்சுமி தும்பிக்கையை நம் தலையில் வைக்கும்போது, அவள் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இத்தனை காவலர்கள் இருந்தார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. 2022 நவம்பர் 30 அன்று அவள் இறந்தபோது புதுச்சேரியே தெருவில் நின்று அழுதது.

மரபணுவைத் திருத்தும் மருந்து வரும்வரை நம் கையில் இருப்பது களமும் மூட்டையும்தான். இதில் மணிலா போடுகிற விவசாயிக்குத் தெரிந்தது ஆய்வாளருக்குத் தெரிந்ததைவிடக் குறைவில்லை. காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்தால் செடி வாடும், பூசணம் அப்போதே வயலில் ஏறிவிடும். அந்தக் கட்டத்தில் ஒரு தண்ணீர் கட்ட முடிந்தால் பெரிய உதவி. மண் அணைக்கும்போது ஜிப்சம் போட்டால் காயின் ஓடு திடமாக இருக்கும். பிடுங்கும்போது மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்ட காய், புழு துளைத்த காய் எல்லாவற்றையும் ஆயும்போதே தனியாகப் போட வேண்டும். ஆடிப் பட்டத்து மணிலாவைப் பிடுங்குகிற நேரம் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும், இந்த மாவட்டத்தின் பெரிய தலைவலி அதுதான். ஈரக் காயைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வெந்நீர் அறை மாதிரி ஆகிவிடும். பருப்பில் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய வேண்டும். காதருகில் வைத்து ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். உரிக்கும்போது பருப்பு உடையாமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அத்தனை நாள் காயவைத்ததும் அந்த ஒரு குடத் தண்ணீரில் போய்விடும். கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், எடை போடும் இடத்தில் இதைக் கண்டித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அப்புறம் ஆயாவின் முறம். அஃப்ளாடாக்சின் ஒரு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒரு சிலவற்றில் குவிந்திருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும். பதப்படுத்தப் போகும் கடலையில் இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு டன் கடலைக்கு 15 மில்லிகிராம், ஓர் அரிசியின் எடைகூட வராது. இவ்வளவு சின்ன அளவு என்பதால் ஒரே ஒரு சொத்தைப் பருப்பு ஒரு படி நல்ல பருப்பைக் கெடுத்துவிட முடியும். அதே காரணத்தால், சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கையால் பொறுக்கி எடுத்தாலே நஞ்சின் பெரும்பகுதி போய்விடுகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது, அடுப்பின் சூடு அதற்குப் போதாது. அதற்கென்று தனி ருசியோ வாசனையோ கிடையாது. கண்ணும் விரலும்தான் வேலை செய்கின்றன. பருப்பு பொறுக்கும் பெண்களுக்கு நாள் கூலி எவ்வளவு குறைவு என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் வேலை என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

ஒதுக்கிய சொத்தையைச் செக்குக்கு அனுப்பினால் என்ன ஆகும்? நஞ்சின் ஒரு பகுதி எண்ணெயில் தங்கும். தெளிய வைத்து வடிகட்டினால் கசடோடு கொஞ்சம் போகும். பெரும்பகுதி புண்ணாக்கில் இருக்கும். புண்ணாக்கு மாட்டுக்கு. மாட்டின் கல்லீரல் அதை எம்1 என்ற வேறு வடிவமாக்கிப் பாலில் விடும். பாலில் எம்1 கிலோவுக்கு அரை மைக்ரோகிராம் அளவுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பாலைக் காய்ச்சினாலும் எம்1 போகாது. முறத்திலிருந்து தள்ளிவிட்ட பருப்பு செக்கு, தொழுவம், சொம்பு என்று சுற்றிக்கொண்டு பேரப்பிள்ளையின் டம்ளருக்கே வந்து சேருகிறது.

இதை அம்மாவிடம் வரைந்து காட்டிச் சொன்னேன். சொத்தைப் பை இப்போதும் அதே மூலையில்தான் தொங்குகிறது, ஆனால் செக்குக்குப் போவதில்லை. வாரம் ஒருமுறை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறார்.